"சாமி பார்த்துக்கும்" என்கிறார்கள். எதை விடுவது, எப்படி விடுவது?

குடந்தை_கணக்கர் எழுதியது:

வணக்கம். இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை.

வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் பெங்களூரில் இருக்கிறாள், எட்டாம் மாதம். பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று மாத்திரை கொடுத்து, காலையும் மாலையும் வீட்டிலேயே பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அவள் அனுப்பும் ரீடிங்கை நான் எக்செல்லில் ஏற்றுகிறேன். மேலே 140, கீழே 90 தொட்டால் கட்டம் தானாகச் சிவப்பாகும். ரீடிங் வரத் தாமதமானால் போன் செய்வேன். எடுக்கவில்லையென்றால் மாப்பிள்ளைக்கு. அவர் மீட்டிங்கில் இருந்தால் அடுத்த பிளாட்காரருக்கு. போன வாரம் மகள் சொல்லிவிட்டாள்: "அப்பா, உங்க போன் வந்தாலே எனக்கு பிரஷர் ஏறுது." மாப்பிள்ளை மரியாதைக்காரர், வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் அவர் "ம்ம்" கொட்டுவதில் எல்லாம் தெரிகிறது.

வீட்டுக்காரி திருக்கருகாவூர் போய், கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் வைத்துக் கொடுக்கிற விளக்கெண்ணெயை வாங்கி மகளுக்கு அனுப்பிவிட்டு, "அம்பாள் பாத்துப்பா" என்று படுத்துத் தூங்கிவிடுகிறாள். நானும் கூடத்தான் போனேன். சந்நிதியில் நின்றபோது பாரம் இறங்கின மாதிரிதான் இருந்தது. செருப்பு விட்ட இடத்துக்கு வருவதற்குள் திரும்பத் தூக்கிக்கொண்டுவிட்டேன்.

உபன்யாசத்தில் எல்லாரும் "விட்டுவிடு" என்கிறார்கள். எதை? ரீடிங்கையா, மகளையா? செய்கிற மாதிரி யாராவது சொல்லுங்கள்.


பகுத்தறிவுப்_பாண்டி எழுதியது:

ஐயா, உங்கள் எக்செல்லில் ஒரு குற்றமும் இல்லை. பிரஷர் மாத்திரையைக் கண்டுபிடித்தது அம்பாள் இல்லை. "தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்." இதற்கு மேல் என்ன வேண்டும்? போனை மட்டும் குறையுங்கள். அது பக்தி சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, இங்கிதம்.


தூப்புல்வாசி எழுதியது:

அதே வள்ளுவர்தான் "ஊழிற் பெருவலி யாவுள" என்றும் எழுதினார், பாண்டி. வாட்ஸ்அப்பில் ஏனோ 619 மட்டும் சுற்றுகிறது, 380 வருவதில்லை.

கணக்கர் சார், நீங்கள் கேட்ட "எதை விடுவது" என்ற கேள்வியை எங்கள் ஸ்ரீவைஷ்ணவ சம்பிரதாயத்தில் நூற்றாண்டுக் கணக்கில் சண்டை போட்டு அலசியிருக்கிறார்கள். குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும், பூனைக்குட்டியைத் தாய்தான் கவ்விக்கொண்டு போகும், இதில் ஜீவன் எந்தக் குட்டி என்பதுதான் வடகலை (குரங்கு), தென்கலை (பூனை) வழக்கில் பாதி. நாமத்தைப் பற்றிய சண்டையைத்தான் ஊர் பார்க்கிறது. உள்ளே இருப்பது உங்கள் கேள்வி.

வேதாந்த தேசிகர் நியாஸ தசகத்தில் முதல் ஸ்லோகத்திலேயே கணக்கைத் தீர்த்துவிடுகிறார். கணக்கர் என்பதால் உங்களுக்குப் பிடிக்கும். மூன்று தலைப்பு: நான், என்னைக் காக்கிற பாரம், காத்ததால் வருகிற பலன். மூன்றுமே என்னுடையது இல்லை, ஸ்ரீபதியினுடையது, அதாவது பெருமாளுடையது என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார். இதற்குத்தான் பரந்யாசம் என்று பெயர், பாரத்தை வைத்துவிடுவது. வேலையை வைத்துவிடுவது என்று அதில் எங்குமே இல்லை, கவனியுங்கள்.

ஆறு அங்கம் சொல்வார்கள். அவனுக்குப் பிடித்ததைச் செய்வேன், பிடிக்காததைச் செய்யமாட்டேன் என்ற தீர்மானம் இரண்டு. என்னால் ஆகாது என்று ஒப்புக்கொள்வது. அவன் காப்பான் என்ற மகாவிசுவாசம். காப்பாற்று என்று வாய்விட்டுக் கேட்பது. கடைசியில் தன்னையே ஒப்படைப்பது. நம்மில் பெரும்பாலோருக்கு உதைக்கிற இடம் மூன்றாவது. நாலாவதில் நாம் நன்றாகவே நடிப்போம்.


பகுத்தறிவுப்_பாண்டி எழுதியது:

பூனைக்குட்டி கட்சி ஜெயித்தால் ஊரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுமே? இதுதான் என் ஆட்சேபணை. "எல்லாம் அவன் செயல்" என்று சொன்னவன் வீட்டுக் கூரைதான் முதலில் ஒழுகும்.


தூப்புல்வாசி எழுதியது:

உட்கார்ந்தார்களா என்று வரலாற்றைப் பாருங்கள். 1323-இல் டில்லிப் படை ஸ்ரீரங்கத்தின் மேல் வருகிறது. அப்போது கோயிலில் பெரியவர் பிள்ளை லோகாசாரியர். உங்கள் பாஷையில் பூனைக்குட்டிக் கட்சியின் தலைவர். "ரங்கநாதன் தன்னைத் தானே காத்துக்கொள்வான்" என்று அவர் கண்ணை மூடியிருக்கலாம், சித்தாந்தம் இடம் கொடுக்கும். அவர் என்ன செய்தார்? மூலவரை மறைத்துச் சுவர் எழுப்ப ஏற்பாடு, உற்சவர் நம்பெருமாளை மூடுபல்லக்கில் வைத்துத் தெற்கே பயணம். குருபரம்பரைக் கணக்குப்படி அப்போது அவருக்கு நூறு வயதைத் தாண்டிவிட்டது. காட்டு வழியில் திருடர்கள் பெருமாளின் நகையைப் பறித்தார்கள். அவர் பதறவில்லை, மிச்சம் இருந்ததையும் கொடுத்தனுப்பினார் என்று சொல்வார்கள். மதுரைக்குப் பக்கத்தில் ஜோதிஷ்குடியில் அவர் காலம் முடிந்தது. நம்பெருமாள் ஸ்ரீரங்கம் திரும்பியது 1371-இல். அதை அவர் பார்க்கவில்லை.

நகை போனபோது விட்டார். பெருமாளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை விடவில்லை. எது எந்தக் கணக்கில் வரும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

எதிர்க் கட்சித் தலைவர் தேசிகரும் அன்றைக்கு அங்கேதான் இருந்தார். பிணங்களுக்கு நடுவே பிணமாகக் கிடந்து, ச்ருதப்ரகாசிகை என்ற ஸ்ரீபாஷ்ய உரையின் ஓலைச்சுவடியையும் அதை எழுதியவரின் இரண்டு பிள்ளைகளையும் காப்பாற்றிக்கொண்டு வெளியேறினார் என்பது வரலாறாகச் சொல்லப்படுவது. குரங்கும் பூனையும் அன்று ராத்திரி ஒரே வேலையைத்தான் செய்தன.


காயல்காற்று எழுதியது:

எங்கள் பக்கம் இதற்குச் சுருக்கமான பதில் இருக்கிறது. திர்மிதி என்ற ஹதீஸ் தொகுப்பில் வருகிற நபிமொழி. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பட்டுமா, அவிழ்த்துவிட்டு நம்பட்டுமா என்று ஒருவர் கேட்கிறார். கட்டிவிட்டு தவக்குல் வை, அதாவது அல்லாஹ்விடம் ஒப்படைத்து நம்பு, என்றார்கள் நபி (ஸல்).

பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) இதைக் "கட்டு, கட்டு" என்று முயற்சிக்கு ஆதாரமாகவே சொல்லி முடித்துவிடுகிறார்கள். இரண்டாவது பாதியை யாரும் சொல்வதில்லை. கட்டியாகிவிட்டதல்லவா? அதற்கப்புறம் ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து முடிச்சைத் தொட்டுப் பார்ப்பது என்ன கணக்கு? கணக்கர் ஐயா தொட்டுப் பார்க்கிற கட்டத்தில் இருக்கிறார் என்று நினைக்கிறேன்.


நைட்ஷிப்ட்_சிஸ்டர் எழுதியது:

பிரசவ வார்டில் வேலை பார்க்கிறேன், அரசு மருத்துவமனை. தத்துவத்துக்கு முன்னால் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். இழையைப் படிக்கிற மற்ற வீடுகளுக்கும் சேர்த்து.

பிரஷர் இருக்கிற கர்ப்பிணிக்கு விடாத தலைவலி, கண் மங்குவது, கண்ணில் பூச்சி பறப்பது, மேல்வயிற்றில் விலாவுக்குக் கீழே வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குவது, மூச்சு வாங்குவது, குழந்தையின் அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் ரீடிங் நன்றாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. காலை வரை பார்ப்போம் என்ற பேச்சே கூடாது. 160, 110 தொட்டாலும் அப்படித்தான். இதைச் சாமியிடம் விடக் கூடாது. அப்படி விட்டுவிட்டு, பிட்ஸ் (வலிப்பு) வந்த பிறகு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கூட வருகிற பெரியவர்கள் எல்லாரும் ரொம்ப பக்தியானவர்கள்.

இன்னொரு ரகமும் உண்டு. சிசேரியனுக்கு நாங்கள் தயாராக நிற்போம், "ராகுகாலம் போகட்டும் சிஸ்டர், பன்னிரண்டு மணிக்கு மேல் நல்ல ஓரை" என்று ஜோசியர் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டுவார்கள். குழந்தை எந்த நட்சத்திரத்தில் பிறக்கணும் என்பதையும் இவர்களே முடிவு செய்துவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பழுத்த பக்தி. எனக்கு அது கடவுளுக்கே அப்பாயின்ட்மென்ட் போட்டுக் கொடுக்கிற வேலையாகத்தான் படும்.

வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கிற அப்பாக்களைப் பற்றி ஒன்று. சிலர் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து வந்து "என்னாச்சு" என்பார்கள். சிலர் ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். ரத்தம் வேண்டும், கையெழுத்து வேண்டும் என்று கூப்பிட்டால் உடனே எழுந்து வருவார்கள். கவலையில் இரண்டு பேரும் ஒன்றுதான், முகம் பார்த்தால் தெரியும். ஆனால் எங்களுக்கு உதவியாக இருப்பது இரண்டாவது ஆள்தான்.


பகுத்தறிவுப்_பாண்டி எழுதியது:

சிஸ்டர் பேச்சுக்கு நூறு லைக். நல்ல நேரம் பார்ப்பதும் கட்டுப்பாட்டு ஆசைதான் என்பது இதுவரை எனக்கே தோன்றவில்லை. மேடைக்குக் கடன் வாங்கிக்கொள்கிறேன்.


குமரிமுனை எழுதியது:

கெத்செமனே தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். "உமக்குச் சித்தமானால் இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கும்படி செய்யும்" என்று இயேசு முதலில் கேட்கத்தான் செய்தார். அதற்கப்புறம்தான் "என்னுடைய சித்தத்தின்படியல்ல." எங்கள் ஜெபக் கூட்டங்களில் சிலர் முதல் வரியைத் தாண்டி நேராக இரண்டாவது வரிக்குப் போகச் சொல்வார்கள். கேட்டாலே அவிசுவாசமாம். வேர்வை இரத்தத் துளிகளாக விழுந்தது என்று லூக்கா எழுதியிருக்கிறார், அவ்வளவு பதற்றம். ஒப்புக்கொடுத்தவருக்கே அப்படி என்றால் ஒரு அப்பாவுக்குப் பதறக் கூடாதா?

கவலைப்படுகிறவர்களைப் பார்த்து "நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்" என்று வசனம் எறிகிறவர்கள், அதே வசனத்தின் கடைசி வரியைப் படிக்கட்டும்: "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்." பாடு இல்லை என்று அதில் சொல்லவில்லை.


நல்லூரான் எழுதியது:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுறன். எங்கட வீட்டில் அப்பா நெடுகச் சொல்லுற தேவாரம் ஒன்று இருக்கு. அப்பர் கடம்பூரில் பாடினது.

தன்கடன் அடியேனையுந் தாங்குதல்
என்கடன் பணிசெய்து கிடப்பதே

எல்லாரும் இரண்டாவது வரியை மட்டும் கலண்டரில் போட்டுவிடுகினம். முதல் வரி இல்லாமல் அது வெறும் வேலைக்காரன் பாட்டு. என்னைத் தாங்குறது உன்ர கடன், அது உன்ர பக்கம். கோயிலில் புல்லுச் செதுக்குற உழவாரம் பிடிக்கிறது என்ர கடன், இது என்ர பக்கம். கணக்கர் ஐயா, ஐந்தொகை (பாலன்ஸ் ஷீட்) மாதிரி இரண்டு பக்கமும் எழுதித்தான் பாடியிருக்கிறார் மனுசன். நீங்கள் கடவுளின்ர பக்கத்தையும் சேர்த்து உங்கட பக்கத்தில் எழுதிப்போட்டு, கணக்கு இடிக்குது என்று கவலைப்படுறீங்கள்.

ஆனால் இன்னொன்றும் சொல்ல வேணும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின்ர அம்மாமார் பந்தல் போட்டுக் குந்தினவை. வருசக்கணக்கில் இருந்தவை. பிள்ளையின்ர படத்தை மடியில் வைச்சுக்கொண்டு, அதே கோயிலில் தேங்காயும் உடைச்சுக்கொண்டு. பதில் காணாமலே கண் மூடின அம்மாமாரும் இருக்கினம். அவைக்குப் போய் "கடவுளிட்ட விட்டுடுங்கோ" என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒப்படைக்கிறது என்றது தானாகச் செய்யிறது. மற்றவைக்கு உபதேசமாகச் சொல்லக்குள்ள அது பெரும்பாலும் "இனிக் கதையாதை" என்றதுதான்.


அகல்விளக்கு எழுதியது:

நல்லூரான் கடைசியில் சொன்னதற்காகவே எழுதுகிறேன்.

என் கணவர் டயாலிசிஸில் இருந்து போனார். அவர் இருக்கும்போது வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் "நம்பிக்கையோடு இரு, நல்லதே நடக்கும்" என்றார்கள். இருந்தேன். போன பிறகு அவர்களில் சிலர் முகத்தில் ஒரு சந்தேகம் தெரிந்தது, இவள் போதுமான அளவு நம்பவில்லையோ என்று. ஒரு அக்கா வாய்விட்டே கேட்டார், விரதத்தில் ஏதாவது குறை வந்ததா என்று.

ஆகவே "நம்பினால் நடக்கும்" என்கிற நம்பிக்கையை நான் தூரப் போட்டுவிட்டேன். அது சாமியை நம்புவது இல்லை, நமக்கு வேண்டிய முடிவை நம்புவது. முடிவு மாறினால் சாமியும் போய்விடுவார்.

எனக்கு ஒத்துவந்தது திருவாசகத்தில் குழைத்த பத்து. உயிரும் உடம்பும் உடைமையும் என்னை ஆட்கொண்ட அன்றைக்கே உன்னுடையதாகிவிட்டதே, இன்றைக்கு எனக்கென்று ஒரு இடையூறு உண்டா என்று கேட்டுவிட்டுச் சொல்கிறார்: "நன்றே செய்வாய் பிழைசெய்வாய் நானோ இதற்கு நாயகமே." பிழை செய்வாய் என்பதையும் மாணிக்கவாசகர் சேர்த்தேதான் பாடியிருக்கிறார். நீ தப்பாகச் செய்தாலும் சரி என்று ஒரு பக்தர் சாமி முகத்துக்கு நேரே சொல்ல முடியும் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கோபத்தையும் அதில் வைத்துச் சொல்லலாம். சொல்லியிருக்கிறேன்.

அதனால் சாந்தி, சமாதானம் என்று பெரிதாக ஒன்றும் கிடைத்துவிடவில்லை. ராத்திரி தூக்கம் வந்தது. மிஷின் அலாரம் அடிக்கும்போது நர்ஸைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்க்க முடிந்தது.

கணக்கர் அண்ணா, உங்கள் மகளுக்கு எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். நடக்கணும் என்று வேண்டிக்கொள்கிறேன்.


குடந்தை_கணக்கர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அகல்விளக்கு அம்மா, உங்கள் பதிவை வீட்டுக்காரிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் பதில் சொல்லாமல் எழுந்து போய் காபி கலந்து கொண்டுவந்தாள்.

நல்லூரான் சொன்னபடி ஒரு தாளில் இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். என் பக்கத்தில் வந்தது: பிரசவச் செலவுக்குப் பணம் தயாராக வைப்பது, கூப்பிட்டால் உடனே கிளம்ப பையைக் கட்டி வைப்பது, வீட்டுக்காரி முன்கூட்டியே போய்ச் சேர டிக்கெட், சிஸ்டர் சொன்ன அறிகுறிகளை மாப்பிள்ளைக்குத் தமிழில் தெளிவாக அனுப்புவது. அவ்வளவுதான் தேறியது. மருந்தும் ரீடிங்கும் மகள், மாப்பிள்ளை, டாக்டர் பக்கம். அதைச் சாமி பக்கத்தில் எழுதலாம் என்று போனால் அதுவே தப்பு, அது மகளுடைய பக்கம். சாமிக்கும் எனக்கும் நடுவில் இன்னொருத்தி இருப்பதையே நான் கணக்கில் எடுக்கவில்லை போலிருக்கிறது.

ஒரு சந்தேகம். இப்படி ஒப்படைத்த பிறகும் கவலை வந்தால், ஒப்படைத்தது செல்லாதா?


தூப்புல்வாசி எழுதியது:

நல்ல கேள்வி. எங்களில் பிரம்மாஸ்திர நியாயம் என்று ஒன்று சொல்வார்கள். சுந்தர காண்டத்தில் இந்திரஜித் அனுமனை பிரம்மாஸ்திரத்தால் கட்டுகிறான். அந்தக் கட்டு போதும். கூட இருந்த ராட்சசர்களுக்கு நம்பிக்கை இல்லை, சணல் கயிறும் மரவுரியும் கொண்டுவந்து மேலே சுற்றினார்கள். வேறு கட்டு விழுந்ததும் அஸ்திரம் தானாக விலகிவிட்டது. சரணாகதி பண்ணிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மோட்சத்துக்கு இன்னொரு உபாயத்தையும் சேர்த்துக்கொண்டால் அப்படித்தான் ஆகும் என்பார்கள்.

ஆனால் கயிறு வேறு, கவலை வேறு. மனசு அடித்துக்கொள்வது பிரகிருதி, உடம்போடு வந்தது. பயம் போகவேண்டும் என்று தேசிகரே அபீதிஸ்தவம் என்று தனியாக ஒரு ஸ்தோத்திரம் பாடியிருக்கிறார். பரந்யாசம் பண்ணிக்கொண்டவருக்குப் பயமே வராது என்றால் அந்த ஸ்தோத்திரத்துக்கு வேலை இல்லை. கீதையிலும் "மா சுச:", துக்கப்படாதே, என்று அவன் சொல்வது அழுதுகொண்டிருந்தவனிடம்தான். அர்ஜுனன் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. "நீ சொன்னபடி செய்கிறேன்" என்று எழுந்து நின்றான்.


பகுத்தறிவுப்_பாண்டி எழுதியது:

ராட்சசர்கள் சணல் கயிறு கட்டின கதை அருமை. அடுத்த பிளாட்காரருக்குப் போன் போடுவதுதான் அந்தச் சணல் கயிறு, கணக்கரே.

என் பங்குக்கு ஒன்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். மலையில் பெய்த மழை ஆற்றில் வருகிறபோது மிதவை எப்படிப் போகுமோ அப்படித்தான் உயிரும் போகும் என்று கணியன் பூங்குன்றனார் சொல்லிவிட்டார், புறநானூறு 192. சாமி பெயரை அதில் தேடிப் பாருங்கள், கிடைக்காது. அந்தப் பாட்டில்தான் "வாழ்தல் இனிதென மகிழ்ந்தன்றும் இலமே" என்றும் வருகிறது. ஒப்படைக்க ஆள் இல்லாமலேயே ஒரு மனிதன் விட முடிந்திருக்கிறது. அதை மட்டும் பதிவில் ஏற்றிக்கொள்ளுங்கள்.


அகல்விளக்கு எழுதியது:

பாண்டி தம்பி, முடியலாம். எனக்குத் திட்டுவதற்கு ஒருவர் வேண்டியிருந்தது.


பகுத்தறிவுப்_பாண்டி எழுதியது:

அக்கா, அதற்கு என்னிடம் பதில் இல்லை.


காயல்காற்று எழுதியது:

கணக்கர் ஐயா, எங்கள் வீட்டிலும் போன ரமலானில் ஒரு பேறுகாலம். வாப்பாவுக்கு உங்கள் குணம்தான். உம்மா அவருக்கு ஒரு வேலை கொடுத்தார்கள்: "நீங்க ஆஸ்பத்திரி வாசல்ல இருக்கிற டீக்கடையில உட்காருங்க, பணம் கேட்டா கொண்டுவாங்க." அங்கேயே தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். வேலை கொடுத்தால் சரியாகிவிடும் ஆட்கள்.


குடந்தை_கணக்கர் எழுதியது:

டீக்கடை யோசனை வீட்டில் எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. எனக்குத்தான் டீ ஆகாது.

போன் விஷயம் முடிவாகிவிட்டது. இனி அவள்தான் கூப்பிடுவாள், நான் இல்லை. அவசரம் என்றால் மாப்பிள்ளை. நேற்று சாயங்காலம் கூப்பிட்டாள், பிரஷரைப் பற்றிப் பேசவே இல்லை. தேங்காய் சாதத்துக்கு என்ன தாளிப்பது என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால்தான் உண்மை.

திங்கட்கிழமை செக்கப். டாக்டரிடம் கேட்க வேண்டியதை அவளே எழுதி வைத்திருக்கிறாளாம். என் பங்குக்கு ஒன்று சேர்க்கலாமா என்று கேட்டேன். "ஒண்ணே ஒண்ணு" என்றாள். சிஸ்டர், எதைக் கேட்கச் சொல்வது?


நைட்ஷிப்ட்_சிஸ்டர் எழுதியது:

குறைமாதத்தில் எடுக்க வேண்டி வந்தால் பச்சிளங்குழந்தை ஐ.சி.யூ. அங்கேயே இருக்கிறதா, இல்லை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி கேட்காதீர்கள்.